அரசுகள் அளந்த ஆடை

தமிழில் ஆடைக்கு வழங்கிய பழம்பெயர்களுள் ‘அறுவை’ என்பது ஒன்று. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப் பெயர் பெற்றமை யாவரும் அறிந்ததே. இன்று நாம் வழங்கும் ‘துணி’ என்னும் சொல்லும் துணித்தல், அஃதாவது வெட்டுதல், என்னும் பொருளடியாகப் பிறந்ததாகும். தறியினின்றும் அறுத்தெடுப்பது அறுவை. அளந்து துணிப்பது துணி. இவ்விரு சொற்களையும் மேல்வகுப்பு மாணாக்கருக்கு நாம் விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, “ஐயா, கோட்டா முடிந்ததாலேதான் தனக்கு வேலை போயிற்று என்று எங்கள் பெரியம்மா சொல்லுவா. துணிக்கு ஏன் கோட்டா? அதை யார் அளந்தார்கள்?” என்று வினவினான்.

அவனுடைய பெரியம்மா ஆடைத் தொழிற்சாலையொன்றிலே பல ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர். 2005ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. அன்று அவ்வினாவிற்கு முழு விடை நம்மிடம் இருக்கவில்லை. சொல்லின் வேரைக் கூறிய நமக்கு, அச்சொல் குறிக்கும் பொருள் கடல் கடக்கும் வழியைக் கூற இயலாமற் போயிற்று. பின்னர் நூல்களைத் தேடிக் கற்று அறிந்தவற்றையே இம்மலரின் வாயிலாக, அம்மாணவனுக்கும் அவனையொத்த பிறருக்கும் விடையாக இங்கே தருகின்றோம். வணிகர் ‘கோட்டா’ என வழங்குவதை இக்கட்டுரையில் ‘பங்கீடு’ என்போம்.

கடல்வழி வந்த பொருள்மீது அரசு வரி கொள்ளுதல் பழைய வழக்கமே. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே சுங்கங் கொள்வோர் பண்டப் பொதிகளுக்குப் புலிமுத்திரை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறும். அது தீர்வை. தீர்வை செலுத்தியவன் தான் விரும்பிய அளவு பொருளை இறக்கலாம். பங்கீடோ அத்தகையதன்று. “இந்நாட்டிலிருந்து இவ்வாண்டு இத்தனை கெசத் துணியே வரலாம், அதற்குமேல், எவ்வளவு தீர்வை கொடுப்பினும், ஒரு முழமும் வரலாகாது” என்று வரம்பு கட்டுவது பங்கீடு.

இவ்வேறுபாட்டின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் ஊரிலே ஆண்டுதோறும் நூறு சேலை விற்கின்றது எனக் கொள்வோம். எழுபதுக்குமேல் வரலாகாது என்று விதித்தவுடன் சேலையின் விலை ஏறும். தீர்வையால் விலை ஏறின், ஏறிய பணம் அரசின் கருவூலத்தைச் சேரும். பங்கீட்டால் ஏறின், அந்த எழுபது சேலைக்குரிய அனுமதிச்சீட்டு எவர் கையில் உளதோ அவர் மடியில் அது விழும். ஹொங்கொங்கிலே பிற்காலத்தில் இவ்வனுமதிகள் தாமே விலை கூறி விற்கப்படும் சரக்காயின என்றால், அவற்றின் மதிப்பை உணரலாம். எவ்வழியாயினும் கூடிய விலையைக் கொடுப்பவர் சேலை உடுப்பவரே.

ஆகவே, பங்கீடு பற்றிப் பேசுதற்கு இரண்டு அரசுகள் எதிரெதிரே அமரும்போது, வெளியார் கண்ணுக்குத் தெரிவது இறுதியில் வரும் ஓர் எண் மட்டுமே. ஆயின் பேரம் முழுவதும் அந்த எண்ணுக்கு முன்னரே நடந்துவிடுகின்றது. எந்த ஆண்டின் வணிகத்தை அடியாகக் கொள்வது? எந்தெந்த வகைத் துணிகளாகப் பிரிப்பது? ஆண்டுதோறும் எவ்வளவு கூட்டுவது? அதற்கு மாற்றாக எதனைக் கொடுப்பது? இந்நான்கிற்கும் மேலாக ஐந்தாவது வினா ஒன்றுண்டு: மேசையில் எவருக்கு இருக்கை? இவ்வைந்தையும் ஒருங்கே காட்டவல்ல ஆண்டு 1934. அவ்வாண்டிலே இந்தியாவிற்கும் இலங்கைக்கும் யப்பானியத் துணி பற்றிய இரு வேறு முடிவுகள் இரு வேறு முறைகளில் வந்தன.

1931ஆம் ஆண்டின் இறுதியில் யப்பான் தன் நாணயத்தைப் பொன்னின் பிணைப்பிலிருந்து விடுவித்தது. யென்னின் மதிப்பு வீழ்ந்தது. யப்பானியத் துணி பிற நாடுகளிலே மிக மலிவாயிற்று. 1933இல் பருத்தித் துணி ஏற்றுமதியின் அளவில் யப்பான் பிரித்தானியாவையே முந்தியது. உலகிற்கு ஆடை கொடுத்து வந்த இலங்காசயர் மாகாணத்து ஆலைகள் திகைத்தன. இந்திய அரசாங்கம் பிரித்தானியத் துணியல்லாத பிற பருத்தித் துணிகள்மீதான தீர்வையை 1933ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நூற்றுக்கு 75 ஆக உயர்த்தியது. யப்பானிய நூற்பாலைகள் வாளாவிருக்கவில்லை. இனி இந்தியப் பஞ்சை வாங்குவதில்லை என்று அவை முடிவு செய்தன. தீர்வை விதிக்கப்பட்டது துணிக்கு. அடி விழுந்ததோ கரிசல் மண்ணிலே பருத்தி விதைத்த உழவனுக்கு.

இந்நிலையில் 1933 செப்டெம்பரிலே சிம்லாவிற் பேச்சு தொடங்கியது. இந்தியப் பக்கத்திற்கு வணிக அமைச்சுப் பொறுப்பை வகித்த சர் யோசேப் போர் தலைமை தாங்கினார். யப்பானியத் தூதுக்குழுவிற்குச் சவாதா செற்சுசோ தலைவர். அதே காலத்தில் இலங்காசயர் ஆலை முதலாளிகளின் குழுவொன்றும் இந்தியாவிற்கு வந்து பம்பாய் ஆலை முதலாளிகளோடு தனியே ஓர் இணக்கம் செய்துகொண்டது. பேச்சு பின்னர் டில்லிக்கு மாறி, 1934 சனவரியில் முடிவுற்றது. உடன்படிக்கை அவ்வாண்டு யூலையில் இலண்டனிற் கையொப்பமாயிற்று.

அம்முடிவின் அமைப்பு ஊன்றிக் கற்கத்தக்கது. துணியின் அளவு பஞ்சின் அளவோடு முடிச்சிடப்பட்டது. யப்பான் ஓராண்டில் 10 இலட்சம் பொதி இந்தியப் பஞ்சு வாங்குமாயின், 32 கோடியே 50 இலட்சம் கெசப் பருத்தித் துணியை இந்தியாவிற்கு அனுப்பலாம். அதற்குமேல் வாங்கும் ஒவ்வொரு 10,000 பொதிக்கும் 15 இலட்சம் கெசம் கூடும். வாங்குவது 10 இலட்சம் பொதியிற் குறையின், குறையும் ஒவ்வொரு 10,000 பொதிக்கும் 20 இலட்சம் கெசம் கழியும். எவ்வளவு பஞ்சு வாங்கினும் 40 கோடி கெசத்தைத் தாண்டலாகாது. 15 இலட்சம் பொதியில் அவ்வெல்லை நிறைந்துவிடும் என்பதைக் கணக்கறிந்தோர் தாமே கண்டுகொள்வர். கூட வாங்கினாற் கிடைக்கும் பரிசிலும் குறைய வாங்கினால் வரும் தண்டம் பெரிதாக வைக்கப்பட்டிருத்தலை நோக்குக. பருத்தி உழவனுக்கு வேண்டியது ஓராண்டுப் பெருவிற்பனையன்று. ஆண்டுதோறும் குறையாத விற்பனை. இவ்வுறுதிக்கு ஈடாக 75 ஆக இருந்த தீர்வை 50 ஆகக் குறைக்கப்பட்டது. யப்பானிய ஆலைகளும் மீண்டும் இந்தியப் பஞ்சை வாங்கலாயின.

வகைப்பிரிவிலும் அத்துணை நுணுக்கம் உண்டு. மொத்தத் துணியில் வெளுக்காத கோறாத் துணி நூற்றுக்கு 45, கரையிட்ட கோறாத் துணி 13, வெளுத்த துணி 8, நிறத்துணி 34 என வகுத்தனர். ஒரே எண்ணைக் கொடுத்து ‘எத்துணியையும் அனுப்புக’ என்று விட்டிருந்தால், ஏற்றுமதி செய்வோர் அதிக இலாபந் தரும் ஒரு வகையையே குவித்து, அவ்வகையை நெய்யும் உள்நாட்டு ஆலைகளை ஒரே ஆண்டில் மூடச் செய்யலாம். வகைப்பிரிவு இதற்கு இட்ட வேலியாகும்.

இந்தியா அக்காலத்தில் அடிமை நாடே. எனினும் தீர்வை விடயத்தில் அதன் அரசாங்கத்திற்கு ஓரளவு தன்னுரிமை இருந்தது. ஆலை முதலாளியின் குரலும் பருத்தி விளைப்போனின் நலனும் அம்மேசையை எட்டின. ஆதலாலேதான் உடன்படிக்கையிலே துணியோடு பஞ்சும் இடம்பெற்றது.

இனி இலங்கையின் கதையைக் காண்போம். 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய, யப்பானிய ஆலைத் தொழிலதிபர்கள் உலகச் சந்தையைப் பங்கிடுவது குறித்து இலண்டனிற் பேசினர். பேச்சு முறிந்தது. உடனே பிரித்தானிய வணிக அமைச்சர் வால்டர் இரன்சிமன், 1934 மே 7ஆம் நாள், குடியேற்ற நாடுகளில் அந்நியப் புடைவைக்குப் பங்கீடு விதிக்கப்படும் என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். அடியாகக் கொள்ளப்பட்டது 1927 முதல் 1931 வரையுள்ள ஆண்டுகளின் சராசரி. இவ்வாண்டுகளைத் தேர்ந்தமையின் உட்பொருள் யாது? அவை யென் வீழ்வதற்கு முன்னைய ஆண்டுகள்; யப்பானியத் துணி பெருகுவதற்கு முன்னைய ஆண்டுகள். 1933இன் வணிகத்தை அடியாகக் கொண்டிருந்தால் யப்பானின் பங்கு பெரிதாயிருக்கும். பழைய ஆண்டுகளை அடியாக்கியவுடன், எண்ணைப் பற்றிய பேரம் எதுவும் இல்லாமலே, பங்கு சுருங்கிவிட்டது. எத்தனை கெசம் என்று கேட்குமுன் எந்த ஆண்டு என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அக்காலத்தில் இலங்கையில், 1931இல் எல்லார்க்கும் வாக்குரிமை அளித்து அமைத்த அரசாங்க சபை இருந்தது. அச்சபை இப்பங்கீட்டைச் சட்டமாக்க இணங்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தினால் தேயிலையும் இறப்பரும் விலை வீழ்ந்து, கூலி குறைந்து, மக்கள் மலிவான துணியையே நாடி நின்ற காலம் அது. காப்பாற்றுவதற்கென்று பெரிய ஆலைத்தொழிலும் இங்கு இருக்கவில்லை. எனினும் மன்னரின் ஆணையாகப் பங்கீடு இங்கு நடைமுறைக்கு வந்தது. இலங்கையர் கூடுதலாகக் கொடுத்த ஒவ்வொரு சதமும் இலங்காசயரின் நலனுக்காகவே கொடுக்கப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அப்பால் பஞ்சுக்கு மாற்றாகத் துணி பேசப்பட்டது. இப்பால் மாற்று எதுவும் பேசப்படவில்லை. பேசுவோர்க்கு நாற்காலி இடப்படாமையே காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நாடுகள் கூடித் தீர்வை, வணிகம் பற்றிய பொது உடன்படிக்கையைச் செய்தன. எல்லா நாட்டுப் பொருளையும் ஒருதன்மையாக நடத்த வேண்டும். அளவுத் தடை விதிக்கலாகாது என்பன அதன் அடிப்படைக் கொள்கைகள். ஆயின் புடைவை மட்டும் அவ்விதிக்குப் புறம்பாக நின்றது. 1950களின் நடுவில் அமெரிக்கக் கடைகளில் மலிவான யப்பானியச் சட்டைகள் நிறைந்தபோது அங்குள்ள ஆலைக்காரர் முறையிட்டனர். 1957இல் யப்பான் தன் பருத்தித் துணி ஏற்றுமதியைத் தானே ஐந்தாண்டுகளுக்குக் கட்டுப்படுத்த ஒப்புக்கொண்டது. இதற்குத் ‘தன்விருப்பக் கட்டுப்பாடு’ என்று பெயரிட்டனர். மறுத்தால் இதனினும் கடிய தடை வரும் என்று அஞ்சி இணங்குவதைத் தன்விருப்பம் என்னலாமோ என்பது ஐயத்திற்குரியதே. எனினும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. கட்டுப்படுத்துவோர் ஏற்றுமதி நாட்டினர் ஆதலின், அனுமதிச்சீட்டும் அதனால் வரும் மிகுதிப் பணமும் அந்நாட்டிலேயே தங்கின.

இக்கட்டுப்பாடு வேறொரு விளைவையும் தந்தது. யப்பான் விட்ட இடத்தை ஹொங்கொங் பிடித்தது. ஓர் ஓட்டையை அடைத்தால் நீர் மற்றோர் ஓட்டையாற் புகுவதுபோல, ஒரு நாட்டைத் தடுத்தால் துணி மற்றொரு நாட்டின்வழி வந்தது. எனவே பல நாடுகளையும் ஒருங்கே கட்ட முனைந்தனர். 1961இல் ஜெனீவாவிலே பருத்தித் துணிக்குக் குறுங்கால ஏற்பாடும், 1962இல் நெடுங்கால ஏற்பாடும் உருவாயின.

கம்பளியும் செயற்கை நாரும் அவற்றுள் அடங்கவில்லை. அவற்றைப் பற்றி 1969 முதல் 1971 வரை அமெரிக்காவும் யப்பானும் கடும் பிணக்குக் கொண்டன. அதே காலத்திலேதான், போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒக்கினாவாத் தீவுகளை யப்பானுக்குத் திருப்பிக் கொடுக்கும் பேச்சும் நடந்தது. இறுதியில் யப்பான் இணங்கியது. நிலம் மீளுதற்காக நெசவு பலியிடப்பட்டது என்று கருதிய யப்பானியர், ‘நூலை விற்றுக் கயிற்றை வாங்கினர்’ என்று கசந்து பேசினர். அவர்கள் மொழியிலே கயிற்றுக்கு ‘நவா’ என்று பெயர். அச்சொல் ஒக்கினாவா என்னும் பெயரின் ஈற்றிலும் உளது. மாற்றாகக் கொடுக்கப்படுவது எப்பொழுதும் வணிகப் பொருளாகவே இருக்க வேண்டியதில்லை என்பதை இச்சிலேடை நன்கு காட்டுகின்றது.

1974 சனவரி 1ஆம் நாள் பன்னார் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பருத்தி, கம்பளி, செயற்கை நார் ஆகிய பல நார்களையும் தழுவியமையின் இப்பெயர். பங்கீடு ஆண்டுதோறும் நூற்றுக்கு 6 வீதம் வளர வேண்டும் என்பது பொதுவிதி. அவ்விதிக்குட்பட்டு, வாங்கும் நாடும் விற்கும் நாடும் தனித்தனியே அமர்ந்து பேசின. இங்கும் எண்ணைச் சுற்றியுள்ளவையே முதன்மை பெற்றன. ஒருவகையில் நிரம்பாத பங்கை மற்றொரு வகைக்கு மாற்றலாமா? இவ்வாண்டில் மிஞ்சியதை வருமாண்டிற்குக் கொண்டு செல்லலாமா? வருமாண்டின் பங்கிலிருந்து இவ்வாண்டிற்குக் கடன் வாங்கலாமா? இவற்றிலே நூற்றுக்கு ஒன்று இரண்டு என்று விட்டுக்கொடுப்பதற்கே நாட்கணக்கிற் பேசினர். நிறமும் பாணியும் மாதந்தோறும் மாறும் ஆடை வணிகத்தில், இச்சலுகைகள் இல்லையேல் எழுத்தில் உள்ள பங்கு துறைமுகத்திற் பயன்படாது போகும்.

இவ்வுடன்படிக்கையிலேதான் இலங்கையின் இடம் மாறியது. 1934இல் வாங்குவோனாய் வாய்பேசாதிருந்த தீவு இப்பொழுது விற்போனாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் அமைந்தது. தம் நாட்டிற் பங்கு நிரம்பிவிட்ட ஹொங்கொங் முதலிய இடத்து முதலாளிகள், பங்கீட்டுத் தடை குறைந்த நாடுகளைத் தேடி வந்தனர். இலங்கையிலும் ஆலை நிறுவினர். 1980களின் பிற்பகுதியில் தைத்த ஆடை ஏற்றுமதி வருவாயில் தேயிலையையே விஞ்சியது. அமெரிக்கா இலங்கைக்கும் பங்கீடு விதித்தது. அப்பங்கீடு தடையாக மட்டுமன்றி, ‘இவ்வளவு ஆடைக்கு உங்களுக்கு இடமுண்டு’ என்னும் ஒதுக்கீடாகவும் பயன்பட்டது. சனாதிபதி பிரேமதாசா 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தில், கிராமப்புறத்திலே ஆலை நிறுவ முன்வந்தோருக்குப் பங்கீட்டைக் கொடுத்தே ஊக்குவித்தனர். இவ்வாறு ஜெனீவாவிலும் வாசிங்ரனிலும் எழுதப்பட்ட ஓர் எண், இலங்கைக் கிராமத்துப் பெண்ணின் மாதச் சம்பளமாக மாறியது.

வறிய நாடுகள் பல இத்தகைய தடைகள் ஒழிய வேண்டும் என்று நெடுங்காலம் வற்புறுத்தி வந்தன. உலக வணிக நிறுவனம் 1995இல் தோன்றியபோது, பத்தாண்டுகளில் பங்கீட்டை ஒழிப்பதாக முடிவாயிற்று. 1995இல் நூற்றுக்கு 16, 1998இல் 17, 2002இல் 18, இறுதியில் 2005 சனவரி 1இல் எஞ்சிய 49 என நான்கு படியாகப் பொருள்கள் பொதுவிதிக்குள் கொண்டுவரப்பட வேண்டும். எவற்றை முதலில் விடுவிப்பது என்னும் தெரிவு வாங்கும் நாடுகளுக்கே விடப்பட்டமையால், அவை பெரும்பாலும் முன்னரே தடையில்லாதிருந்த பொருள்களை முதற் படிகளில் விடுவித்தன. கடினமான பொருள்கள் யாவும் கடைசி நாளுக்கு எஞ்சின. படிப்படியாக இறங்க வேண்டிய மாடியிலே கடைசிப்படி மட்டும் ஆளுயரமாக இருந்தால் என்னாகும்? 2005இல் அதுவே நிகழ்ந்தது.

சீனத்து ஆடைகள் ஒருங்கே பெருகின. ஐரோப்பிய ஒன்றியம் 2005 யூன் 10ஆம் நாள் சாங்காயிலே சீனத்தோடு பேசிப் பத்து வகைகளுக்கு மீண்டும் 2007 இறுதிவரை வரம்பு கட்டியது. ஆயின் அதற்கு முன்னரே கடைக்காரர் கட்டளை கொடுத்திருந்த ஆடைகள் கடலில் இருந்தன. அவ்வாண்டுப் பங்கு விரைவில் நிரம்பியது. 7 கோடிக்கு மேற்பட்ட ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களிலே முடங்கிக் கிடந்தன. செப்டெம்பரிற் பெய்சிங்கிலே மீண்டும் பேசி, தேங்கியவற்றில் ஒரு பாதியை ஐரோப்பா ஏற்று விடுவிப்பதென்றும் மறு பாதியைச் சீனத்தின் பங்கிற் கழிப்பதென்றும் இணங்கினர். பங்கு எவ்வளவு என்று பேசியோர், எந்நாள் முதல் எண்ணுவது என்பதைச் செம்மையாகப் பேசாமையின் பயன் இது.

பங்கீடு ஒழிந்தபின் இலங்கையின் ஆடைத்தொழில் அழிந்துவிடும் என்று அஞ்சியோர் பலர். அவ்வாறு அழியவில்லை. தரத்தினாலும் திறமையினாலும் வாங்குவோரைப் பிடித்துக்கொண்ட பெரிய ஆலைகள் நிலைத்து வளர்ந்தன. பங்கீட்டின் நிழலில் மட்டும் நின்ற சிறிய ஆலைகள் பல மூடுண்டன. நம் மாணவனின் பெரியம்மா தைத்த ஆலையும் அவற்றுள் ஒன்று.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு நாம் எடுத்துக்கூறியபோது, “அப்படியென்றால் கோட்டா நல்லதா, கூடாததா, ஐயா?” என்று அவன் மீண்டுங் கேட்டான். வாங்குவோருக்கு அது எப்பொழுதும் விலையேற்றமே. பெரிய உற்பத்தி நாட்டுக்கு அது விலங்கு. சிறிய நாட்டுக்கு அது சிலகாலம் ஊன்றுகோலாகலாம். ஊன்றுகோல் ஒருநாள் எடுக்கப்படும் என்பதை அறிந்து கால்களை வலுவாக்கியோரே பின்னும் நடந்தனர். பத்தாண்டுத் தவணை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ஆலைக்காரர் அதனை அறிவர்; அரசினரும் அறிவர். இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த அப்பெண்மணிக்கு மட்டும் எவரும் அதனைப் படித்துக் காட்டவில்லை. நம் விடையில் எஞ்சிநின்ற வருத்தம் இதுவே.

விழாக் காணும் நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் வணிகத்திலும் அரசுப் பணியிலும் உயர்ந்து விளங்குகின்றனர். இன்று பயிலும் சிறார் சிலர் நாளை நாடுகளின் சார்பிற் பேச்சு மேசைகளில் அமர்வர். அவர்கள் கணக்கையும் வரலாற்றையும் மொழியையும் ஒருங்கே கற்றல் வேண்டும். தம்முன் ஓர் எண் நீட்டப்படும்போது, அஃது எந்த ஆண்டிலிருந்து பிறந்தது, எவ்வகையைத் தழுவியது, எந்நாளில் முடியும் என்று கேட்கும் துணிவு அவர்க்கு வேண்டும். முடிந்தபின், அவ்வெண்ணால் வாழ்வோர்க்கு அதனை அவர்தம் மொழியில் விளங்கச் சொல்லும் அன்பும் வேண்டும். துணிதல் என்னும் சொல்லுக்கு வெட்டுதல் என்பதோடு முடிவுசெய்தல் என்னும் பொருளும் தமிழில் உண்டு. அம்மாணவன் இப்பொழுது உயர்தர வகுப்பிலே வணிகமும் பொருளியலும் பயில்கின்றான் என்பதை மகிழ்வோடு தெரிவித்து, நம் கல்லூரி நீடு வாழ்க என வாழ்த்தி அமைகின்றோம்.